பூனை இருக்கும் வீட்டுக்கு எந்தச் செடி?

ஹைதர் அலி 1760-இல் தொடங்கி, அவருடைய மகன் திப்பு சுல்தான் விரிவுபடுத்திய லால்பாக் தோட்டத்தை ஒட்டியே பெங்களூரு நகரத்தின் செடி வாணிகம் வளர்ந்தது. இன்று 240 ஏக்கர் பரப்புள்ள அத்தோட்டத்தை அடுத்த சித்தாபுரத்தில் நர்சரிகள் வரிசையாக நிற்கின்றன. குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி ஆண்டுக்கு இருமுறை லால்பாகின் கண்ணாடி மாளிகையில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் எனக் கருதப்படும் திகளர் சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகத் தோட்டத் தொழில் செய்துவந்த ஊரும் இதுவே. இவையெல்லாம் சேர்ந்து, பால்கனியில் நான்கு தொட்டிகளாவது இல்லாத வீட்டை இந்நகரில் தேடிப்பிடிக்க வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியுள்ளன. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பின் அதே வீடுகளுக்குள் பூனையும் வந்து சேர்ந்தது. முன்பு தெருவிலும் கொல்லையிலும் திரிந்து, வேண்டிய புல்லைத் தானே தேடிக் கடித்துக்கொண்ட பூனை, இப்போது ஆறாவது மாடியில் வலை கட்டிய பால்கனிக்கும் வரவேற்பறைக்கும் இடையே வாழ்நாளைக் கழிக்கிறது. அதன் வாய்க்கு எட்டுகிற பசுமை என்பது வீட்டுக்காரர் வாங்கி வைத்த தொட்டிச் செடி மட்டுமே என்பதால், எந்தச் செடியை வாங்குவது என்ற கேள்விக்கு அழகைத் தாண்டிய ஒரு கனம் வந்துவிடுகிறது.

பூனை ஊனுண்ணியாயிற்றே, இலையை ஏன் தின்கிறது என்ற ஐயம் இயல்பானது. அமெரிக்காவின் டேவிஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பூனை வளர்ப்போர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டறிந்து 2019-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 71 விழுக்காட்டுப் பூனைகள் குறைந்தது ஆறு முறை செடியைத் தின்னும்போது பார்க்கப்பட்டிருந்தன. உடம்பு சரியில்லாதபோதுதான் பூனை புல் தின்னும் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அவற்றில் மிகப் பெரும்பாலானவை தின்பதற்கு முன் நோயின் அறிகுறி எதையும் காட்டவில்லை. காட்டு மூதாதைகளின் குடலில் இருந்த புழுக்களை நார்ப்பொருளால் வெளியேற்றப் பயன்பட்ட பழக்கம், புழு இல்லாத வீட்டுப் பூனையிடமும் எஞ்சி நிற்கிறது என்பது அவ்வாய்வாளர்கள் தந்த விளக்கம். ஆகவே இலை கடிப்பது அடித்துத் திருத்த வேண்டிய சேட்டை ஆகாது. அதைத் தடுத்துவிட முடியும் என்று நம்பிச் செடியைத் தேர்ந்தெடுப்பதும் பயன் தராது.

இத்துடன் பூனையின் உடலமைப்பில் உள்ள இரண்டு தன்மைகள் சேரும்போது ஆபத்து மிகுகிறது. உடலுக்கு ஒவ்வாத பல வேதிப்பொருள்களைக் கல்லீரல் குளுக்குரானிக் அமிலம் என்ற சர்க்கரை வகைப் பொருளோடு பிணைத்து, நீரில் கரையும்படி மாற்றிச் சிறுநீர் வழியே வெளியேற்றும். பீனால் வகைப் பொருள்களை இவ்வாறு பிணைக்கும் நொதி ஒன்றுக்கான மரபணு பூனை இனத்தில் செயலற்றுப் போய்விட்டது. மனிதர் காய்ச்சலுக்கு விழுங்கும் ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கக் காரணம் இதுவே. வாசனை எண்ணெய் நிறைந்த செடிகளும், அறையில் ஆவியாக்கப்படும் யூக்கலிப்டஸ், டீ ட்ரீ எண்ணெய்களும் மற்ற விலங்குகளைவிடப் பூனையை எளிதில் பாதிப்பதற்கும் இக்குறைபாடு காரணமாகிறது. இரண்டாவது தன்மை, நாள் முழுதும் நாவால் உடலை நக்கித் தூய்மை செய்யும் வழக்கம். செடியைப் பூனை தின்ன வேண்டும் என்ற கட்டாயமே இல்லை; உரசிச் சென்றபோது முடியில் ஒட்டிய மகரந்தமும் பாலும் சற்று நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும்.

பெங்களூரு வீடுகளில் மிகுதியாகக் காணப்படும் உட்புறச் செடிகளில் பெரும்பகுதி ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மணி பிளான்ட், ஃபிலோடெண்ட்ரான், மான்ஸ்டெரா, சிங்கோனியம், அக்லோனிமா, டிஃபன்பேக்கியா, ஆந்தூரியம், பீஸ் லில்லி, இசட் இசட் பிளான்ட் ஆகிய அனைத்தும் சேம்புக் குடும்பம் எனப்படும் அரேசியில் அடங்கும். இக்குடும்பத்தின் நஞ்சைத் தமிழருக்குப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் சேனையும் அதன் உறுப்பினர்களே. சரியாக வேகாத கருணை நாக்கில் பட்டதும் எழும் அரிப்புக்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்ற உப்பு ஊசி வடிவப் படிகங்களாகச் செல்களுக்குள் கட்டுக்கட்டாக அடுக்கப்பட்டிருப்பதுதான். கடிபட்ட செல் உடைந்ததும் அவ்வூசிகள் பாய்ந்து நாவிலும் அண்ணத்திலும் தொண்டையிலும் தைத்துவிடுகின்றன. தமிழ்ச் சமையலில் இக்கிழங்குகளைப் புளி சேர்த்து வேகவைப்பதும், மலைநாட்டுக் கன்னடர் கெசு இலையில் பத்ரொடெ செய்யும்போது புளியை அரைத்துத் தடவுவதும் இந்த அரிப்பை அடக்குவதற்கே. பூனைக்கோ புளியும் இல்லை, அடுப்பும் இல்லை. மணி பிளான்ட் இலையின் நுனியைக் கடித்த பூனை எச்சில் ஒழுக, முன்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டு, சில மணி நேரம் உணவைத் தொடாமல் உட்கார்ந்திருக்கும்.

இந்தத் துன்பம் எவ்வளவு கடுமையாகத் தோன்றினாலும் பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தாவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் கடியிலேயே வாய் எரிவதால் பூனை இரண்டாம் முறை கடிக்கத் தயங்கும். தொண்டை வீங்கி மூச்சு அடைபடுவது அரிது. ‘பூனைக்கு நஞ்சு’ என்ற ஒற்றைத் தலைப்பில் மணி பிளான்டையும் லில்லியையும் அடுத்தடுத்து எழுதிவைக்கும் பட்டியல்கள் பயனைவிடக் குழப்பத்தையே அதிகம் தருகின்றன. எல்லாமே நஞ்சு என்று படித்து அலுத்த வாசகர், ஐந்து ஆண்டுகளாக மணி பிளான்ட் இருந்தும் தம் பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற துணிவில், ஒரு நாள் லில்லிப் பூங்கொத்தையும் மேசைமேல் வைத்துவிடுகிறார். அந்த இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் வாய்ப்புண்ணுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள தூரம்.

லில்லியம் என்ற பேரினத்தைச் சேர்ந்த உண்மையான லில்லிகளும், ஹெமரோகாலிஸ் என்ற பேரினத்தைச் சேர்ந்த டே லில்லிகளும் பூனையின் சிறுநீரகத்தை அழிக்கின்றன என்பது 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் பதிவுகளால் தெரியவந்தது. இலை, தண்டு, இதழ், மகரந்தம் ஆகிய எல்லாப் பகுதிகளிலும் நஞ்சு உண்டு. பூச்சாடியில் தேங்கிய தண்ணீரைக் குடித்தாலும் போதும். நாய் இதே பூவைத் தின்றால் வயிறு கலங்குவதோடு சரி. சிறுநீரகம் பழுதாவது பூனைக்கு மட்டுமே நேர்கிறது. அந்த நஞ்சு நீரில் கரையக்கூடியது என்பது தெரிந்திருந்தும், அது எந்த வேதிப்பொருள் என்பதை அறிவியல் இன்னும் பிரித்தறியவில்லை. இவற்றையெல்லாம்விட ஏமாற்றக்கூடியது நோயின் போக்கு. தின்ற சில மணி நேரத்தில் பூனை வாந்தி எடுக்கும். பிறகு வாந்தி நின்று, தெளிந்துவிட்டதைப்போல் தோன்றும். அதற்குள் சிறுநீரக நுண்குழல்களின் உட்சுவர்ச் செல்கள் மடியத் தொடங்கியிருக்கும். ஒன்றிலிருந்து மூன்று நாள்களுக்குள் சிறுநீர் குறைந்து, அடியோடு நின்றும்போகலாம். ஏறத்தாழ 18 மணி நேரத்துக்குள் நரம்புவழி நீர்மம் ஏற்றும் சிகிச்சை தொடங்கிவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. தெளிந்துவிட்டது என்று வீட்டார் காத்திருக்கும் நேரம் அந்தக் கணக்கிலிருந்துதான் கழிகிறது.

லில்லி என்ற பெயரைக் கண்டதும் அஞ்சுவதும் தீர்வாகிவிடாது. ஏனெனில் நர்சரியிலும் பூக்கடையிலும் அப்பெயரில் விற்கப்படுபவை குறைந்தது ஆறு தாவரக் குடும்பங்களில் பரவிக் கிடக்கின்றன. பூங்கொத்துகளில் வரும் ஏஷியாட்டிக், ஓரியன்டல் வகைகள் உண்மையான லில்லிகள். இவை பூனை உள்ள வீட்டின் வாசலைக்கூடத் தாண்டக் கூடாதவை. பீஸ் லில்லியும் கலா லில்லியும் சேம்புக் குடும்பத்தவை என்பதால் அவற்றால் வருவது வாயெரிச்சல் மட்டுமே. முதல் மழையில் பூக்கும் ரெயின் லில்லி, ஹிப்பியாஸ்ட்ரம், தமிழில் விஷமூங்கில் எனப்படும் கிரைனம் ஆகியவை அமரில்லிஸ் குடும்பத்தவை. அவற்றின் கிழங்கில் லைக்கோரின் என்ற கார நச்சுப்பொருள் மிகுந்திருப்பதால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். ஆங்கிலத்தில் குளோரி லில்லி எனப்படுவது தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளே; அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள கால்ச்சிசின் மனிதரையே கொல்ல வல்லது என்பதை அதைப் பயிரிடும் உழவர்கள் அறிவார்கள். மாநிலப் பெருமைக்காகப் பால்கனிக் கம்பியில் செங்காந்தளைப் படரவிடும் வெளியூர்த் தமிழர் வீட்டில் பூனை இருக்குமானால், அந்தப் பெருமையை வேறு வகையில் காட்டிக்கொள்வது நல்லது.

பெயரால் ஏமாற்றும் செடிகள் இன்னும் உள. சாகோ பாம் என்று விற்கப்படும் சைகஸ், பனைக்கு எவ்வகையிலும் உறவில்லாத, பூவாத பழந்தாவர இனத்தைச் சேர்ந்தது. அதன் விதையில் மிகுதியாகவும் மற்றப் பகுதிகளில் ஓரளவும் உள்ள சைக்கசின் கல்லீரலை அழிப்பதால், பூனை வளர்ப்போர் லில்லிக்கு அடுத்து ஒதுக்க வேண்டிய செடி இதுவாகும். வரவேற்பறை மேசையில் கண்ணாடிக் குவளையில் நிற்கும் லக்கி பேம்பூ மூங்கில் அன்று. அது டிராசினா இனம். ஸ்நேக் பிளான்டையும் தாவரவியலார் 2017-இல் சான்சிவேரியா என்ற பழைய பேரினத்திலிருந்து இதே டிராசினாவுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டிலும் சோப்பைப்போல் நுரைக்கும் சப்போனின் என்ற பொருள் இருப்பதால் பூனைக்கு வாந்தியும் சோர்வும் வரும். பூங்கொத்துக்குப் பின்னணியாகச் செருகப்படும் அஸ்பராகஸ் ஃபெர்ன் பெரணி வகையே இல்லை. அதன் பழங்கள் வயிற்றைக் கெடுக்கும்.

இத்தகைய செடிகளையே வீட்டுக்காரர்கள் தேடி வாங்குவதற்குக் காற்றுத் தூய்மை என்ற வாக்குறுதி பெரிய காரணம். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக பி. சி. வோல்வர்ட்டன் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, மூடிய பெட்டிக்குள் சில செடிகள் பென்சீன் போன்ற ஆவிகளை உறிஞ்சுவதைக் காட்டியது. தில்லியைச் சேர்ந்த கமல் மீட்டல் 2009-இல் டெட் மேடையில் ஆற்றிய சிறு உரை, அரிக்கா பாம், ஸ்நேக் பிளான்ட், மணி பிளான்ட் ஆகிய மூன்றையும் இந்திய நகரங்களில் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. அம்மூன்றில் பூனைக்குத் தீங்கில்லாதது முதலாவது மட்டுமே. பிலடெல்ஃபியாவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை நடந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்து 2019-இல் எழுதிய கட்டுரையின்படி, சாதாரணக் கட்டடத்தில் இயல்பான காற்றோட்டம் செய்கிற வேலையைச் செடிகளால் செய்விக்க வேண்டுமானால் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 10 முதல் 1,000 செடிகள் வரை தேவைப்படும். ஜன்னலைத் திறந்து வைத்தால் நடக்கிற காரியத்துக்காகப் பூனை உள்ள வீட்டில் ஸ்நேக் பிளான்டை வாங்கி வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

வாங்கி வந்தவற்றைவிட, செடி என்றே கருதப்படாமல் வழிவழியாக வீட்டோடு இருப்பவை கவனத்துக்குத் தப்பிவிடுகின்றன. சளிக்கும் இருமலுக்கும் கிள்ளிக் கொடுக்கும் கற்பூரவல்லி, பெங்களூருக் கன்னடர் தொட்டபத்ரே என்ற பெயரில் தம்புளி செய்யும் அதே செடி, தன் வாசனை எண்ணெயால் பூனைக்கு வாந்தியையும் சில வேளைகளில் குருதி கலந்த வயிற்றுப்போக்கையும் உண்டாக்கக்கூடியது. சோற்றுக்கற்றாழையின் நடுவிலுள்ள வழவழப்பான சோற்றில் தீங்கு குறைவு. தோலுக்கு அடியில் வடியும் மஞ்சள் பாலில் உள்ள அலோயின்தான் பேதிக்குக் காரணம், பூனை கடிப்பதும் அத்தோலைத்தான். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய் மருந்துகளான வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் எடுக்கப்படுகின்றன என்பதே அதன் வீரியத்துக்குப் போதுமான சான்று. சமையலுக்காகத் தொட்டியில் ஊன்றிய வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்கும். பால்கனி வெயிலுக்கு ஏற்றதென்று விரும்பி வாங்கப்படும் அடீனியமும், சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும் கலஞ்சோவும் இதயத் துடிப்பைக் குலைக்கும் கிளைக்கோசைடுகளைக் கொண்டவை.

அரளியும் அந்த வகையே. சாலையின் நடுத்திட்டுகளில் நிற்கும் அரளி வீட்டுப் பூனைக்கு எட்டாது என்றாலும், கே.ஆர். மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்து சாமி படத்துக்குச் சாத்தும் செவ்வரளிச் சரம் எட்டும். தொங்கும் நூலைக் கண்டால் இழுத்து விளையாடாத பூனை இல்லை. வாடிய மாலையைக் கழற்றி ஒரு மூலையில் போட்டுவைக்கும் வழக்கமுள்ள வீட்டில் அந்த விளையாட்டு யார் கண்ணிலும் படாமல் நடந்துவிடும். மல்லிகையும் ரோஜாவும் தீங்கற்றவை. செவந்தி வயிற்றைக் கலக்கும், தோலில் அரிப்பை உண்டாக்கும். பூனை உள்ள வீட்டின் பூசையறைக்கு மல்லிகையே போதும்.

இவ்விவரங்களில் பலவற்றுக்கும் உலகெங்கும் ஆதாரமாகக் கொள்ளப்படுவது, 1866-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தின் நச்சுத்தாவரப் பட்டியல். கவனமாகத் தொகுக்கப்பட்ட பட்டியல்தான்; ஆனால் அது அமெரிக்க வீடுகளையும் தோட்டங்களையும் கருதித் தொகுக்கப்பட்டது. நம் ஊர்ச் செடி ஒன்று அதில் இல்லையென்றால், அச்செடியைப் பற்றிய தகவல் அங்கே சேரவில்லை என்பதே அதன் பொருள். தீங்கற்றது என்று சான்றளித்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாவரக் குடும்பத்தைக்கொண்டு ஊகிப்பதும் ஓர் எல்லை வரைதான் உதவும். சேம்புக் குடும்பத்தை முழுவதுமாக ஒதுக்கிவிடலாம். மற்றக் குடும்பங்களில் அவ்வாறு முடிவுகட்ட இயலாது. உயிரைப் பறிக்கும் டே லில்லியும், பேதியாக்கும் கற்றாழையும், எந்தத் தீங்கும் செய்யாத ஹாவர்த்தியாவும் ஒரே குடும்பத்தில் பிறந்தவை. அரளியின் குடும்பத்தில்தான் பூனைக்கு ஒன்றும் செய்யாத ஹோயா என்ற மெழுகுப்பூக் கொடியும் இருக்கிறது. ஆகையால் நர்சரியில் கேட்க வேண்டியது செடியின் பேரினப் பெயரை. சக்குலன்ட் என்ற ஒரே பலகையின்கீழ் எச்செவேரியாவும் கலஞ்சோவும் அருகருகே வைக்கப்பட்டிருக்கும். ஜேட் என்று கேட்டால் பூனைக்கு ஆகாத கிராசுலாவைக் கொடுப்பாரும் உண்டு, தீங்கற்ற போர்ட்டுலகேரியாவைக் கொடுப்பாரும் உண்டு. பின்னதற்குத் தண்டு செந்நிறமாகவும், இலை சிறுவிரல் நகத்தளவே சிறியதாகவும் இருக்கும்.

பாதுகாப்பான செடிகளின் எண்ணிக்கை சிறிதன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருவின் மிதமான வெப்பம் அவற்றுள் பலவற்றுக்கு மிகவும் இசைந்தது. உயரமாக, மூலையை நிறைத்து நிற்கும் செடி வேண்டுவோருக்கு அரிக்கா பாம் ஏற்றது. மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட இது பாக்கு மரத்தின் பெயரைத் தாங்கினாலும் பாக்கு மரம் ஆகாது; அதனால் பாக்கிலுள்ள அரிக்கோலின் பற்றிய கவலையும் தேவையில்லை. வெளிச்சம் குறைந்த அறைக்கு, அதைவிடக் குட்டையான கமடோரியா வகைப் பனைகள் பொருந்தும். வண்ண இலைக்காக அக்லோனிமாவையும் கலேடியத்தையும் நாடுவோர், கூவைக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்த கலாத்தியாவையும் மராண்டாவையும் தயக்கமின்றி வாங்கலாம். மாலையில் இலைகளைக் குவித்துக் காலையில் விரிக்கும் இவற்றின் கோலமிட்டாற்போன்ற இலைகளுக்கு முன் அக்லோனிமா ஒன்றும் உயர்ந்ததில்லை. மிளகு, வெற்றிலை ஆகியவற்றின் உறவான பெப்பரோமியா சிறு மேசைக்கு ஏற்றது. தொங்கும் தொட்டிக்கு மணி பிளான்டின் இடத்தில் ஹோயாவும் பாஸ்டன் ஃபெர்னும், பூவுக்குப் பெலனாப்சிஸ் ஆர்க்கிடும் ஆப்பிரிக்கன் வயலட்டும், சமையலறை ஜன்னலுக்குக் கொத்தமல்லியும் திருநீற்றுப்பச்சிலையும் பொருந்தும்.

ஸ்பைடர் பிளான்ட் இவற்றுள் தனியாகக் குறிப்பிடத்தக்கது. டிராசினாவின் குடும்பத்திலேயே பிறந்தும் தீங்கற்றது, பூனைகள் மிக விரும்பிக் கடிப்பதும் அதையே. புல் போன்ற நீண்ட இலைகளும், கொடி நுனியில் ஆடும் குட்டிச் செடிகளும் பூனையின் கண்ணை இழுப்பதில் வியப்பில்லை. நஞ்சில்லை என்பதனால் எவ்வளவு தின்றாலும் ஒன்றும் ஆகாது என்று பொருளில்லை. அளவுக்கு மீறித் தின்ற நார் எதுவாயினும் வாந்தியாக வெளியேறும். கடிபட்டுக் கடிபட்டுச் செடி மொட்டையாவதும் உறுதி என்பதால், ஒன்றுக்கு இரண்டாக வாங்கி மாற்றி மாற்றி வைப்பது நடைமுறைக்கு ஒத்து வரும்.

பெங்களூரில் இன்னொரு தேர்வும் செய்ய வேண்டியிருக்கிறது. 2024 மார்ச்சில் நகரம் கடும் தண்ணீர்ப் பஞ்சத்தில் இருந்தபோது, குடிநீரைத் தோட்டத்துக்குப் பயன்படுத்தக் குடிநீர் வாரியம் தடைவிதித்து, மீறுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. ஃபெர்னும் கலாத்தியாவும் மண் காயப் பொறுக்காதவை. மார்ச் முதல் மே வரையிலான வறண்ட காற்றில் இலை விளிம்பு கருகிவிடும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையோ, ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவுநீரையோ தொடர்ந்து ஊற்றினால் ஸ்பைடர் பிளான்டின் இலைநுனியும் பழுப்பாகும். டேங்கர் நீரை நம்பியிருக்கும் குடியிருப்புகளில் ஹாவர்த்தியா, எச்செவேரியா, பெப்பரோமியா, ஹோயா போன்ற தண்ணீர் சிக்கனமான வகைகளே கோடையைத் தாண்டும்.

செடிகளைக் காப்பாற்றவும் பூனையின் ஆசையைத் தணிக்கவும் ஒருங்கே உதவும் வழி, அதற்கென்று தனியாகப் புல் வளர்த்துக் கொடுப்பது. கடைகளில் கேட் கிராஸ் என்ற பெயரில் விலைக்கு வருவது பெரும்பாலும் கோதுமை, பார்லி, ஓட்ஸ் ஆகியவற்றின் இளம்பயிரே. அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடத் தெரிந்தவர்களுக்கு அதை வளர்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓர் இரவு ஊறவைத்த கோதுமையை அகலமான தொட்டியில் நெருக்கமாகத் தூவி, மெல்லிய மண்போர்வையிட்டு ஈரம் காத்தால் பத்து நாள்களுக்குள் சாண் உயரப் பயிர் வந்துவிடும். சோளத்தை மட்டும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. இளஞ்சோளப் பயிரில் சயனைடை வெளியிடும் பொருள் உண்டு என்பதும், அதை மேய்ந்த மாடுகள் மடிவதும் கொங்கு நாட்டு உழவர்களுக்குப் பழகிய செய்தி. எலுமிச்சைப்புல்லும் பூனைக்கு ஆகாது.

தெருவோரத்தில் தானாக முளைக்கும் குப்பைமேனிக்குத் தமிழ் மருத்துவ மரபில் பூனைவணங்கி என்றொரு பெயர் வழங்குகிறது. அச்செடியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை அதில் முகம் தேய்த்துப் புரண்டு மயங்குவதைக் கண்டுதான் அப்பெயர் வைத்திருக்கிறார்கள். மேலைநாடுகளில் பூனைகளை இவ்வாறே கிறங்கச் செய்யும் கேட்னிப் செடியின் நெபெட்டாலாக்டோனுக்கு மிக நெருங்கிய பொருள் ஒன்று குப்பைமேனி வேரில் இருப்பதை வேதியியலார் 2016-இல் அடையாளம் கண்டார்கள். ஆயினும் அதே செடியில் அகாலிஃபின் என்ற, சயனைடைப் பிரிக்கக்கூடிய பொருளும் உள்ளது. விரும்புகிறதே என்று தொட்டியில் வளர்த்துத் தின்னக் கொடுப்பது சரியாகாது.

செடி தீங்கற்றதாக இருந்து, அது நிற்கும் மண் தீங்குள்ளதாக இருப்பதும் உண்டு. நர்சரியிலிருந்து வந்த செடியில் பூச்சிமருந்து படிந்திருக்கும் என்பதால் இலைகளை நன்றாகக் கழுவி, சில வாரங்கள் பூனைக்கு எட்டாத அறையில் வைத்திருப்பது முறை. உரமாக இடும் எலும்புத்தூளின் வாசனைக்குப் பூனை மண்ணைக் கிளறித் தின்னும். மழைக்காலத்தில் பெங்களூருத் தோட்டங்களை மொய்க்கும் ராட்சத ஆப்பிரிக்க நத்தைகளைக் கொல்லத் தூவப்படும் மெட்டால்டிஹைட் குருணைகள் வலிப்பை உண்டாக்கிப் பூனையையும் நாயையும் கொல்லும். தரைத்தளத்தில் வசிப்போர் குடியிருப்புச் சங்கத்தின் தோட்டக்காரர் எதைத் தூவுகிறார் என்பதைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். தொட்டிகளை உயரத்தில் வைப்பதால் இவை எவற்றுக்கும் தீர்வு கிடைப்பதில்லை. அலமாரியின் உச்சி மனிதருக்குத்தான் உயரம். பூனைக்கு அது உட்காரும் இடம்.

பூனை எதையோ கடித்துவிட்டதென்று தெரிந்தால் உப்புநீரோ எண்ணெயோ புகட்டி வாந்தியெடுக்க வைக்க முயலக் கூடாது. உப்பு தானே நஞ்சாகும், புகட்டியது மூச்சுக்குழலுக்குள் இறங்கவும் கூடும். சேம்புக் குடும்பத்துச் செடியாயின் வாயைத் தண்ணீரால் துடைத்துவிட்டுக் கவனிக்கலாம். எச்சில் ஒழுகுவது நிற்காவிட்டாலோ மூச்சுவிடத் திணறினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். லில்லி, சைகஸ், அரளி, அடீனியம் ஆகியவற்றில் எதைத் தொட்டிருந்தாலும் அறிகுறிக்காகக் காத்திராமல் உடனே கிளம்ப வேண்டும். முடியில் மகரந்தம் ஒட்டியிருந்தால் பூனை அதை நக்குவதற்கு முன் ஈரத்துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். 1958-இல் தொடங்கப்பட்ட ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகள் பலவும் நகரில் உள்ளன. அவற்றுள் இரவில் திறந்திருப்பது எது என்பதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவர் முதலில் கேட்பது எந்தச் செடி, எவ்வளவு நேரத்துக்கு முன்பு என்ற இரண்டையும்தான். செடியின் பெயர் தெரியாதவர்கள் கடிபட்ட கிளையை ஒரு பையில் போட்டுக்கொள்ளலாம். தொட்டி சிறியதாக இருந்தால், அதையே பூனைக் கூடையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொள்ளலாம்.